அரை எண் பெற்ற கதைகள்: 'இன் டெத்' வரிசையின் குறுநாவல்களைச் சுற்றியுள்ள குழப்பம்

ஜே. டி. ராப் என்ற பெயரில் வெளிவரும் 'இன் டெத்' துப்பறியும் வரிசையைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறுவது அதன் எண்களில்தான். ஏழாவது நூலுக்கும் எட்டாவது நூலுக்கும் நடுவே 7.5 என்று ஒரு கதை நிற்கிறது. பன்னிரண்டாவதை அடுத்து 12.5 வருகிறது, இன்னொரு பட்டியலிலோ அதே கதைகளுக்கு முழு எண் கொடுக்கப்பட்டு, பின்னால் வரும் நூல்களின் எண்கள் எல்லாம் நகர்ந்திருக்கின்றன. இந்த அரை எண் கதைகளைப் பற்றி வாசகர்களிடையே மூன்று கேள்விகள் ஓயாமல் எழுகின்றன: இவற்றைப் படிக்காமல் தாண்டிச் செல்லலாமா, எந்த இடத்தில் படிக்க வேண்டும், இவற்றில் நடப்பதை வரிசையின் உண்மையான நிகழ்வாக எடுத்துக்கொள்ளலாமா? மூன்றாவது கேள்விதான் கடுமையான கருத்து வேறுபாட்டைக் கிளப்புகிறது. அதற்கு விடை காண, எதிர்காலத்தில் நடக்கும் துப்பறியும் கதை எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வரிசையின் அடிப்படை

ஜே. டி. ராப் என்பது அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸின் புனைபெயர். இந்த வரிசையின் முதல் நாவலான 'நேக்கட் இன் டெத்' 1995இல் வெளிவந்தது. அதன் பிறகு பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு நாவல்கள் என்ற கணக்கில் வந்துகொண்டிருக்கும் வரிசை இன்று அறுபது நாவல்களைக் கடந்துவிட்டது. முதல் கதை 2058ஆம் ஆண்டின் நியூயார்க்கில் நடக்கிறது. கொலை வழக்குகளை விசாரிக்கும் லெப்டினன்ட் ஈவ் டாலஸ் நாயகி. அந்த முதல் வழக்கில் சந்தேகத்துக்குரியவராக அறிமுகமாகும் அயர்லாந்துப் பெருஞ்செல்வர் ரோர்க், பிறகு அவருடைய கணவராகிறார். உதவியாளராகச் சேர்ந்து பிறகு கூட்டாளியாக உயரும் பீபாடி, மின்னணுக் குற்றப்பிரிவின் ஃபீனி, உளவியல் நிபுணர் டாக்டர் மிரா, பாடகி மேவிஸ் எனச் சுற்றிலும் ஒரு கூட்டம் நூலுக்கு நூல் வளர்ந்துகொண்டே போகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. வெளியுலகில் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன; கதைக்குள் 2058இல் தொடங்கிய காலம் இப்போதுதான் 2061ஐத் தொட்டிருக்கிறது. ஒரு வழக்கு முடிந்து சில வாரங்களிலேயே அடுத்தது தொடங்கிவிடுகிறது, சில வேளைகளில் சில நாட்களிலேயே. அதனால் இரண்டு நாவல்களுக்கு நடுவே ஒரு குறுநாவல் வரும்போது, அது கதையின் நாட்காட்டியில் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் சரியாகப் பொருந்தும்படி எழுதப்படுகிறது. ஏழாவது நாவலான 'ஹாலிடே இன் டெத்' 2058 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கிறது. 7.5 என்று குறிக்கப்படும் 'மிட்நைட் இன் டெத்' அந்தக் கிறிஸ்துமஸில் தொடங்கிப் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவை நோக்கி ஓடுகிறது. இந்த இரண்டையும் முன்பின்னாகப் படிப்பவருக்குப் பண்டிகைக்கால மனநிலையும் பாத்திரங்களின் களைப்பும் புரியாமல் போவது இயல்பு.

குறுநாவல் என்பது எவ்வளவு பெரியது, இவை எங்கே வெளிவந்தன

அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா விருதுகள் 17,500 சொற்களிலிருந்து 40,000 சொற்களுக்குள் அடங்கும் கதையைக் குறுநாவல் என்று வகுக்கின்றன. துப்பறியும் கதைக்கு இந்த அளவு சற்று இக்கட்டானது. ஒரு கொலை, நான்கைந்து சந்தேக நபர்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம், தவறான திசையில் இழுக்கும் தடயங்கள், நாயகியின் வீட்டு வாழ்க்கை ஆகியவை எல்லாம் ஒரு முழு நாவலில் இடம்பெறலாம். குறுநாவலில் இவற்றில் சிலவற்றைக் கைவிட்டே ஆக வேண்டும்.

1998 முதல் 2015 வரை இந்த வரிசையில் பத்துக் குறுநாவல்கள் வந்தன. அவை முதலில் தனி நூல்களாக வெளிவரவில்லை. வேறு சில எழுத்தாளர்களின் கதைகளோடு சேர்ந்து, ஒரு பொதுக் கருவைக் கொண்ட தொகுப்புகளில் வந்தன. 'மிட்நைட் இன் டெத்' 1998இல் 'சைலன்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் தொகுப்பில் இடம்பெற்றது. 2001இல் வந்த 'இன்டர்லூட் இன் டெத்' இடம்பெற்ற தொகுப்பின் பெயர் 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்'. கதையும் பூமிக்கு வெளியே, ரோர்க்குக்குச் சொந்தமான ஒலிம்பஸ் என்னும் விண்வெளி ஓய்வு நகரில் நடக்கிறது. 2006இல் 'ஹான்டட் இன் டெத்', 2007இல் 'எட்டர்னிட்டி இன் டெத்', 2008இல் 'ரிச்சுவல் இன் டெத்', 2009இல் 'மிஸ்ஸிங் இன் டெத்', 2010இல் 'பொசெஷன் இன் டெத்', 2011இல் 'கேயாஸ் இன் டெத்' என்று ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொன்றாக வந்தன. பிறகு 2013இல் 'டேக்கன் இன் டெத்', 2015இல் 'வொண்டர்மென்ட் இன் டெத்'.

தொகுப்பில் வந்தவை என்பது வெறும் பதிப்பு விவரமாகத் தோன்றலாம். ஆனால் கதையின் உள்ளடக்கத்தையே அது தீர்மானித்திருக்கிறது. 2006க்குப் பிந்தைய தொகுப்புகள் பேய், மாயம், மறைவு, தேவதைக் கதை போன்ற கருக்களைச் சுற்றி அமைந்தவை. கூட எழுதிய மேரி பிளேனி, ரூத் ரயான் லாங்கன், மேரி கே மெக்கோமஸ் போன்றோர் இதே கருக்களைக் காதல் கதைகளாகக் கையாண்டார்கள். ஆகவே தடயமும் சாட்சியமும் மட்டுமே தெரிந்த ஒரு கொலை விசாரணை அதிகாரி, பேய்க்கதைத் தொகுப்புக்குள் நுழைய வேண்டியதாயிற்று. பின்னால் வரும் சிக்கலுக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

எதிர்காலத் துப்பறியும் கதையின் பழைய சிக்கல்

துப்பறியும் கதைக்கு எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு: துப்பறிபவருக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரிய வேண்டும், முடிவு, வாசகர் யூகித்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எதிர்காலத்தில் நடக்கும் கதை இந்த ஒப்பந்தத்தை எளிதில் மீறிவிடலாம். கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் ஒரு புதிய கருவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொலையாளியைக் கண்டுபிடித்தால், வாசகர் ஏமாற்றப்பட்டவர் ஆகிறார். அறிவியல் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒன்றுசேர முடியாது என்று பதிப்பாசிரியர் ஜான் கேம்பல் கருதியதற்கு இதுவே காரணம். ஐசக் அசிமோவ் 1954இல் நூலாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலில் இதற்குச் செயலால் விடை சொன்னார். அதுவும் எதிர்கால நியூயார்க்கில் நடக்கும் கொலைக் கதைதான். அவருடைய வழி எளிமையானது: எதிர்கால உலகின் விதிகள், கருவிகளின் ஆற்றல், அவற்றின் வரம்பு ஆகியவற்றை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், பிறகு அந்த விதிகளுக்குள்ளேயே புதிர் அவிழ வேண்டும்.

'இன் டெத்' வரிசையின் முதல் நாவல் இந்த வழியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. 2058இல் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட பொருள். காவல்துறையினரிடம் இருப்பது மயக்கமூட்டும் ஆயுதம். பாலியல் தொழில் உரிமம் பெற்ற சட்டபூர்வமான தொழில். உண்மையான காப்பி மிக அரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் ஆகிவிட்டது. இவற்றை எல்லாம் வாசகர் முதலிலேயே அறிந்துகொள்கிறார். அதனால்தான் உரிமம் பெற்ற ஒரு பெண் பழங்காலத் துப்பாக்கியால் சுடப்பட்டுக் கிடப்பது பெரிய தடயமாகிறது. அத்தகைய துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டுமே, அவர்களில் ஒருவர் ரோர்க். நம் காலத்து நியூயார்க்கில் ஒரு துப்பாக்கி இவ்வளவு குறுகிய வட்டத்தைச் சுட்டிக்காட்டாது.

இப்படி விதிகளைச் சொல்ல இடம் வேண்டும், முழு நாவலில் அது கிடைக்கும். முப்பதாயிரம் சொற்களுக்குள் ஓர் எதிர்கால நகரத்தையும் கட்டி, ஒரு கொலையையும் நிகழ்த்தி, நியாயமாக அவிழ்க்கவும் வேண்டும் என்றால் ஏதாவது ஒன்று தேய்ந்துபோகும். நெடிய வரிசையின் பயன் இங்கேதான் தெரிகிறது. விதிகளை முந்தைய நூல்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டதால் குறுநாவல் முதல் பக்கத்திலேயே வழக்குக்குள் இறங்கிவிடலாம். தாங்குவதற்கு இத்தகைய வரிசை ஒன்று பின்னால் இருக்கும்போது எதிர்காலத் துப்பறியும் குறுநாவல் மிகச் சுதந்திரமாக நடமாடுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன.

1. வரிசையைப் படிக்காமல் ஒரு தொகுப்பின் மூலம் நேரடியாகக் குறுநாவலுக்கு வந்தவர், பாதி விதிகள் தெரியாமல் படிக்கிறார். கதை அவசரமாக ஓடுகிறது, பாத்திரங்களுக்கு ஆழமில்லை என்று அவர் சொல்வது அவர் பார்வையில் சரியே. நீண்ட நாள் வாசகர் அதே கதையைச் செறிவானது என்கிறார். மிராவை ஏழு நாவல்களில் அறிந்தவருக்கு, 'மிட்நைட் இன் டெத்' கதையில் கொலையாளியின் பட்டியலில் மிராவின் பெயர் இருப்பது ஒரு வரியிலேயே நெஞ்சை உலுக்கும். புதியவருக்கு அது ஒரு பெயர் மட்டுமே.

2. முந்தைய நூல்கள் சொல்லாத ஒரு விதியைக் குறுநாவல் திடீரென்று கொண்டுவந்தால், அதை விளக்கிப் பழக்குவதற்கு அங்கே இடமில்லை. கேம்பல் அஞ்சிய ஏமாற்றம் மறுபடியும் தலைதூக்குகிறது.

'யார்' என்ற கேள்வி பின்வாங்குவது ஏன்

இட நெருக்கடியை இந்தக் குறுநாவல்கள் சமாளிக்கும் முறை கூர்ந்து பார்க்கத்தக்கது. 'மிட்நைட் இன் டெத்' கதையில் கொலையாளி யார் என்பதில் மர்மமே இல்லை. முன்பு ஈவால் பிடிக்கப்பட்ட டேவ் பாமர் என்ற தொடர்கொலையாளி சிறையிலிருந்து தப்பிவிட்டான். தன்னைச் சிறைக்கு அனுப்பியவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறான். அந்தப் பட்டியலில் நீதிபதி இருக்கிறார், அரசு வழக்கறிஞர் இருக்கிறார், மிராவும் ஈவும் இருக்கிறார்கள். பெயரும் முகமும் நோக்கமும் தெரிந்த ஒருவனைக் குறித்த நேரத்துக்குள் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. சந்தேக நபர்களை விசாரிக்கும் பக்கங்கள் அனைத்தும் இதனால் மிச்சமாகி, அந்த இடம் நேரத்தின் நெருக்கடிக்குக் கிடைக்கிறது.

'இன்டர்லூட் இன் டெத்' வேறு வகை. காவல்துறை மாநாட்டில் உரையாற்ற விருப்பமில்லாமல் ஒலிம்பஸுக்குச் செல்லும் ஈவ், அங்கே ஸ்கின்னர் என்ற புகழ்பெற்ற முன்னாள் காவல் தலைவரைச் சந்திக்கிறார். ரோர்க்கின் தந்தையோடு தொடர்புடைய ஒரு பழைய தோல்வி ஸ்கின்னரை அரித்துக்கொண்டிருக்கிறது. ஸ்கின்னரின் மெய்க்காவலர் ஒருவர் கொல்லப்படுகிறார், பழி ரோர்க் மீது விழும்படி அமைகிறது. பகை எங்கிருந்து வருகிறது என்பது விரைவிலேயே தெரிந்துவிடுகிறது. மதிக்கப்பட்ட ஒரு காவலர் எந்த அளவுக்குத் தாழ்ந்து போவார், தன் துறையின் வீரர் ஒருவரை எதிர்த்து ஈவ் எப்படி நிற்பார் என்பவையே கதையை நடத்துகின்றன. பத்துக் குறுநாவல்களில் மிகச் சிறந்தது இதுவே என்பது என் கணிப்பு. தந்தையின் குற்றம் மகனைத் தொடர்வது ஈவ், ரோர்க் இருவரின் வாழ்க்கைக்கும் பொதுவானது. வரிசையின் அந்த மையக் காயத்தை ஒரு சின்னஞ்சிறு வழக்குக்குள் இந்தக் கதை கொண்டுவந்து வைக்கிறது. ரோர்க்கின் அயர்லாந்துப் பிறப்பைப் பற்றிப் பிற்பாடு 'போர்ட்ரைட் இன் டெத்' பேசும்போது, ஒலிம்பஸில் நடந்ததைப் படித்தவருக்கு அது இன்னும் ஆழமாகப் பதியும்.

'எட்டர்னிட்டி இன் டெத்' கதையிலும், தன்னை இரத்தக் காட்டேரி என்று பிறரை நம்பவைக்கும் ஒருவன் மீது சந்தேகம் சீக்கிரமே குவிந்துவிடுகிறது. அவனை எப்படிச் சிக்கவைப்பது என்பதே மீதிக் கதை. 'ரிச்சுவல் இன் டெத்' தொடங்கும்போதே, ஆடையின்றி இரத்தம் தோய்ந்த ஒருவன் கையில் கத்தியோடு விருந்துக்குள் நடந்து வருகிறான். இவை துப்பறியும் கதைகளே அல்ல, துரத்தல் கதைகள் என்று குறைப்பட்டுக்கொள்ளும் வாசகர்கள் இந்த வடிவத்தின் கட்டாயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு சந்தேக நபர்களை இருபது பக்கங்களுக்குள் அடைத்திருந்தால் இவை இன்னும் பலவீனமாகியிருக்கும்.

பேய் வந்தால் விதி என்னவாகும்

இனி, கருத்து வேறுபாட்டின் மையத்துக்கு வருவோம். 'ஹான்டட்', 'எட்டர்னிட்டி', 'மிஸ்ஸிங்', 'பொசெஷன்', 'கேயாஸ்' ஆகிய ஐந்தும் அமானுஷ்யச் சாயல் கொண்டவை. ஆனால் ஐந்தையும் ஒரே குற்றச்சாட்டில் அடக்குவது தவறு. ஒவ்வொன்றும் வரிசையின் விதியோடு வேறுவிதமாக உறவாடுகிறது.

1. 'எட்டர்னிட்டி', 'கேயாஸ்' இரண்டும் விதியை மீறவில்லை. முதலாவதில் காட்டேரி என்பது ஒரு குற்றவாளி கட்டிய வேடமும் போதைப்பொருளும் சேர்ந்தது. இரண்டாவதில் மனிதனை அரக்கனாக்குவது ஆய்வில் உருவான ஒரு மருந்து. மூளையை மாற்றும் தொழில்நுட்பம் நான்காவது நாவலான 'ராப்சர் இன் டெத்' முதலே இந்த உலகில் இருக்கிறது.

2. 'ஹான்டட்' விதியின் விளிம்பில் நிற்கிறது. எண் பன்னிரண்டு என்று அழைக்கப்படும் பழைய கட்டடத்தில் ஒரு கொலை நடக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் காணாமல் போன பாபி ப்ரே என்ற பாடகியின் எலும்புக்கூடு அங்கே சுவருக்குள் கிடைக்கிறது. கொலைக்கு மனிதக் காரணம், மனிதக் கை இரண்டும் உண்டு. கட்டடத்தில் உணரப்படும் குளிரும் கேட்கும் குரலும் தீர்ப்புக்குத் தேவைப்படுவதே இல்லை. ஈவ் பேயை ஏற்க மறுக்கிறார், ரோர்க் திறந்த மனத்தோடு இருக்கிறார். வாசகர் இருவரில் யார் பக்கமும் சேரலாம். துப்பறியும் ஒப்பந்தத்துக்கு இதில் பங்கமில்லை.

3. 'மிஸ்ஸிங்' நேரடியாகக் கேம்பலின் அச்சத்தையே தொடுகிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் படகின் கழிவறையில் இரத்தக்களரியான ஒரு கொலை, உடலைக் காணவில்லை, படகில் அத்தனை பேர் இருந்தும் நடந்தது நினைவில் இல்லை. மாயம் போலத் தொடங்கும் இது ஒரு புதிய கருவியில் சென்று முடிகிறது. வரிசை முன்பு காட்டாத கருவிதான் என்றாலும், அது கடைசிப் பக்கத்தில் துப்பறிபவரைக் காப்பாற்ற வருவதில்லை. வழக்கின் தொடக்கத்திலேயே அதன் விளைவு வாசகர் கண்முன் வைக்கப்படுகிறது, அந்தக் கருவியே விசாரணையின் பொருளாகவும் ஆகிறது. கருவியைக் குற்றவாளி பயன்படுத்தினால் அது புதிர், துப்பறிபவர் பயன்படுத்தினால் அது ஏமாற்று என்ற வேறுபாட்டை இந்தக் கதை நன்றாகக் காட்டுகிறது.

4. 'பொசெஷன்' மட்டுமே விதியை வெளிப்படையாகக் கடக்கிறது. கத்திக்குத்துப் பட்டுத் தெருவில் சாகும் ரோமானி (ஜிப்சி) இனத்து முதியவள் ஒருத்தி, காணாமல் போன தன் கொள்ளுப்பேத்தியைத் தேடித் தரும்படி ஈவிடம் வேண்டிக்கொள்கிறாள். அதன் பிறகு ஈவ் தனக்குத் தெரியாத மொழியைப் பேசுகிறார், இறந்தவர்களைக் காண்கிறார். இங்கே அந்த ஆற்றல் குற்றவாளியின் கையில் இல்லை. துப்பறிபவரின் கையிலேயே இருக்கிறது, விசாரணைக்கும் உதவுகிறது.

நான்காவது கதையின் மீது வாசகர்களுக்கு எழும் கோபத்தை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். அந்தக் கோபத்துக்கு மூடநம்பிக்கை எதிர்ப்பைக் காரணமாகச் சொல்வது போதாது. மனோசக்தி உள்ளவர்களை இந்த வரிசை முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2004இல் வந்த 'விஷன்ஸ் இன் டெத்' நாவலில் அத்தகைய ஒரு பெண் விசாரணைக்கு உதவ முன்வருகிறார், ஐந்தாவது நாவலான 'செரிமனி இன் டெத்' மாந்திரிக வழிபாட்டுக் குழுக்களின் நடுவே நடக்கிறது. ஆனால் அங்கெல்லாம் ஈவ் சந்தேகிப்பவராக, சான்று கேட்பவராக நின்றார். வாசகரின் நிலையும் அதுவே. 'பொசெஷன்' அந்த நிலையைத் தகர்க்கிறது. சந்தேகிக்க வேண்டியவரே சாட்சியாகிவிடும்போது வாசகருக்குச் சார்ந்து நிற்க இடமில்லை. வேறொரு நாவலில் இருநூறு பக்கங்கள் செலவிட்டு இந்த மாற்றத்தை நம்பவைத்திருக்கலாம், குறுநாவலுக்கு அந்த அவகாசம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இறந்தவர்களுக்காகப் பேசுவதே தன் வேலை என்று முதல் நாவலிலிருந்து வாழ்பவர் ஈவ். இறந்த ஒருத்தி உண்மையாகவே அவருக்குள் வந்து நின்று நியாயம் கேட்பது அந்தக் கடமையின் நேர்ப்பொருளான வடிவம். பாத்திரத்தின் தர்க்கத்தில் அது பொருந்துகிறது, புதிரின் தர்க்கத்தில் பொருந்தவில்லை. இந்தக் கதையை விரும்புவோர் முதலாவதைப் பார்க்கிறார்கள், வெறுப்போர் இரண்டாவதைப் பார்க்கிறார்கள்.

எண்களும் படிக்கும் வரிசையும்

அரை எண்கள் வாசகர் பட்டியல்களிலும் நூலகப் பட்டியல்களிலும் புழங்குபவை; முழு நாவல்களின் எண் நகராமல் இருக்க இது வசதி. குறுநாவல்களையும் முழு எண்ணாகக் கணக்கிடும் பட்டியலைப் பின்பற்றினால் 'கான்ஸ்பிரசி இன் டெத்' எட்டாவதா ஒன்பதாவதா என்ற குழப்பம் வரும். ஆகவே நூல் வாங்கும்போது எண்ணைப் பார்க்காமல் தலைப்பைப் பார்ப்பதே பாதுகாப்பு. இடங்கள் வருமாறு:

1. 'மிட்நைட்': 'ஹாலிடே' நாவலை அடுத்து (7.5).
2. 'இன்டர்லூட்': 'பிட்ரேயல்' நாவலை அடுத்து (12.5).
3. 'ஹான்டட்': 'மெமரி' நாவலை அடுத்து (22.5).
4. 'எட்டர்னிட்டி': 'இன்னொசென்ட்' நாவலை அடுத்து (24.5).
5. 'ரிச்சுவல்': 'சால்வேஷன்' நாவலை அடுத்து (27.5).
6. 'மிஸ்ஸிங்': 'கின்ட்ரெட்' நாவலை அடுத்து (29.5).
7. 'பொசெஷன்': 'இன்டல்ஜென்ஸ்' நாவலை அடுத்து (31.5).
8. 'கேயாஸ்': 'நியூயார்க் டு டாலஸ்' நாவலை அடுத்து (33.5).
9. 'டேக்கன்': 'தேங்க்லெஸ்' நாவலை அடுத்து (37.5).
10. 'வொண்டர்மென்ட்': 'டிவோட்டட்' நாவலை அடுத்து (41.5).

இவற்றுக்கு வெளியே, 2003இல் வந்த 'ரிமெம்பர் வென்' என்ற நூல் தனி வகை. அதன் முதல் பாதி நோரா ராபர்ட்ஸ் பெயரில் நிகழ்காலத்தில் நடக்கிறது. தொலைந்த வைரங்களைப் பற்றிய அதே கதை இரண்டாம் பாதியில் ஜே. டி. ராப் பெயரில் 2059ஆம் ஆண்டுக்குத் தாவி, ஈவின் வழக்காகிறது. சில பட்டியல்கள் இதற்கு 17.5 என்ற எண்ணைத் தருகின்றன. அளவில் குறுநாவல்களைவிடப் பெரிதாக இருப்பதாலும், முதல் பாதியைத் தாண்டிவிட்டால் இரண்டாம் பாதியின் பின்புலம் இழக்கப்படும் என்பதாலும் இதை முழு நாவலாகக் கொள்வதே சரி.

பழைய தொகுப்புகள் எளிதில் கிடைப்பதில்லை என்பவர்களுக்கு இரண்டு மறுபதிப்புகள் உதவும். 2008இல் வந்த 'த்ரீ இன் டெத்' நூலில் 'இன்டர்லூட்', 'மிட்நைட்', 'ஹான்டட்' ஆகியவை உள்ளன. 2011இல் வந்த 'டைம் ஆஃப் டெத்' நூலில் 'எட்டர்னிட்டி', 'ரிச்சுவல்', 'மிஸ்ஸிங்' உள்ளன. முதல் நூலின் உள்ளடக்க வரிசை கதையின் கால வரிசையைப் பின்பற்றவில்லை. 'மிட்நைட்' கதையை முதலில் படித்துவிட்டு 'இன்டர்லூட்' கதைக்குத் திரும்ப வேண்டும்.

முழு வரிசையையும் படிக்கும் எண்ணம் இல்லாமல், ஒரு குறுநாவலை மட்டும் சுவைத்துப் பார்க்க விரும்புபவர் குறைந்தது முதல் மூன்று நாவல்களையாவது முடித்திருப்பது நல்லது. மூன்றாவதான 'இம்மார்ட்டல் இன் டெத்' முடிவதற்குள் உலகின் விதிகள் நிலைபெற்றுவிடுகின்றன, ஈவுக்கும் ரோர்க்குக்கும் திருமணமும் நடந்துவிடுகிறது. அங்கிருந்து 'மிட்நைட்' கதைக்குத் தாவினால் இடையில் நான்கு வழக்குகள் விடுபட்டாலும் கதை கையைவிட்டு நழுவாது. 'பொசெஷன்' கதையை மட்டும் அப்படித் தாவிப் படிக்க வேண்டாம். முப்பத்தொரு நாவல்களில் ஈவ் எத்தனை உறுதியாகச் சான்றைப் பற்றி நின்றார் என்பது தெரியாதவருக்கு, அந்த ஒரு வழக்கில் அவர் எதை இழக்கிறார் என்பதும் தெரியாது.